வீட்டில் மெழுகு சென்ட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேன்மெழுகில் வாசனை எண்ணெய்களை (எசென்ஷியல் ஆயில்) கலந்து கெட்டியாக ஊற்றி வைக்கும் சென்ட்டை வீட்டில் செய்யத் தொடங்குபவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் எடைக் கணக்கு. சமவெளி வெயிலை மனதில் வைத்துச் சொன்னவை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் மெழுகைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

சாலிட் பெர்ஃப்யூம்னா என்ன? ஜவ்வாது மாதிரியா?

மெழுகு, எண்ணெய், வாசனை எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. ஸ்பிரிட்டும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. விரலால் லேசாகத் தேய்த்து மணிக்கட்டிலோ காதுக்குப் பின்னாலோ தடவினால் உடம்புச் சூட்டில் மெழுகு இளகி வாசனை மெல்ல வெளியே வரும். ஜவ்வாது பெரும்பாலும் பொடி அல்லது பசை. இப்போது கடையில் விற்பதில் செயற்கை வாசனைதான் அதிகம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. ஸ்ப்ரே சென்ட் போல இது அறை முழுக்கப் பரவாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பஸ்ஸிலும் ஆபீஸிலும் யாருக்கும் தலைவலி தராத சென்ட் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

30 கிராம் செய்ய என்னென்ன, எவ்வளவு வேணும்?

தேன்மெழுகு 9 கிராம், ஜோஜோபா எண்ணெய் (ஜோஜோபா என்ற புதர்ச்செடியின் விதையிலிருந்து எடுப்பது) 18 கிராம், வாசனை எண்ணெய்கள் எல்லாம் சேர்த்து 3 கிராம். 10 கிராம் பிடிக்கும் அலுமினிய டப்பா மூன்று நிரம்பும். வாசனையைக் கூட்டினால் அதே அளவு ஜோஜோபாவைக் குறைக்க வேண்டும். வாசனை எண்ணெயும் திரவம்தான், அதுவும் மெழுகை இளக்கும். பலர் இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டு, ‘சொன்ன அளவுதானே போட்டேன், ஏன் கொழகொழன்னு இருக்கு?’ என்று கேட்கிறார்கள்.

நகை எடை போடும் சின்ன பாக்கெட் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். ‘20 சொட்டு ஒரு மில்லி’ என்ற கணக்கு ஆரஞ்சு போன்ற நீர்த்த எண்ணெய்க்குச் சரி. வெட்டிவேரும் சந்தனமும் கெட்டியாக, பெரிய சொட்டாக விழும். சொட்டு எண்ணிச் செய்தது ஒரு தடவை நன்றாக வந்தாலும் அடுத்த தடவை அப்படியே வராது.

ஸ்டவ்ல நேரடியா வெச்சு உருக்கலாமா?

கூடாது. ஒரு பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, அதற்குள் கண்ணாடி பீக்கரையோ எவர்சில்வர் கிண்ணத்தையோ நிறுத்தி உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நேரடித் தீயில் சூடு சில நொடிகளில் அதைத் தாண்டிப் போகும். 85 டிகிரிக்கு மேலே போனால் மெழுகின் நிறம் கருக்கும். இன்னும் ஏறினால் தீப்பிடிக்கவும் செய்யும்.

மெழுகைத் துருவியோ பொடியாக நறுக்கியோ போட்டால் சீக்கிரம் உருகும். மெழுகு முழுதும் உருகிய பிறகு ஜோஜோபாவை ஊற்றுங்கள். குளிர்ந்த எண்ணெய் பட்டதும் மெழுகு திரிதிரியாகக் கட்டும். பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் மறுபடி தெளிந்துவிடும். கிண்ணம், குச்சி, டப்பா எல்லாம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

வாசனை எண்ணெயை எப்போ ஊத்தணும்?

கிண்ணத்தைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த பிறகு. உடனே அல்ல, கிண்ணத்தின் ஓரத்தில் மெழுகு மெல்லிய வெள்ளைக் கோடாக உறையத் தொடங்கும், அதுதான் நேரம். கொதிசூட்டில் ஊற்றினால் ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற லேசான வாசனைகள் ஆவியாகிவிடும். சமையலறை மணக்கும், டப்பா மணக்காது. ஊற்றியதும் மூங்கில் குச்சியால் அரை நிமிடம் கலக்கி உடனே டப்பாவில் ஊற்றுங்கள். அதற்குள் உறைந்துவிட்டால் கிண்ணத்தை வெந்நீரில் ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும்.

வாசனைக் கலவையை அன்றைக்கே கலக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடை போட்டுக் கலந்து, மூடி, இருட்டில் வையுங்கள். முதல் நாள் தனித்தனியாகத் தெரியும் வாசனைகள் ஒரு வாரத்தில் ஒன்றோடொன்று படிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அந்தக் குப்பியோடு போகும், மெழுகு வீணாகாது.

தேன் விக்கிறவங்ககிட்ட மஞ்சளா, தேன் வாசனையோட மெழுகு கிடைக்குது. அதைப் போடலாமா?

போடலாம், சுத்தம் செய்த பிறகு. கட்டியைத் தண்ணீரோடு சேர்த்து உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அசையாமல் ஆறவிடுங்கள். மெழுகு மேலே வட்டாகக் கட்டும், அழுக்கு அடியில் தங்கும். வட்டின் அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவையுங்கள். தேன் வாசனை முழுதும் போகாது. சந்தனம், வெட்டிவேர், சாம்பிராணி ஆகியவற்றோடு அது அழகாகவே சேரும். மல்லிப்பூ, ஆரஞ்சு வாசனையில் செய்வதானால் வெளுத்த தேன்மெழுகு வாங்குவது நல்லது.

பாரஃபின் (பெட்ரோலிய மெழுகு) கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பிசையுங்கள். நல்ல தேன்மெழுகு கைச்சூட்டில் இளகி உருட்ட வரும். உடைத்தால் உடைந்த இடம் மணல் போலச் சொரசொரப்பாக இருக்கும். பாரஃபின் அதிகம் இருந்தால் வழவழவென்று, சில்லுச் சில்லாக உடையும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போதாதா? ஜோஜோபா விலை ஜாஸ்தியா இருக்கே.

நல்லெண்ணெய் வேண்டாம். அதன் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். ஆகவே மார்கழியில் சென்ட் இறுகி, சித்திரையில் தளர்ந்து, ஒரே டப்பா இரண்டு விதமாக நடந்துகொள்ளும். செக்கு எண்ணெய் என்றால் தேங்காய் மணமும் கூடவே வரும். குறைந்த செலவில் நல்ல மாற்று, உறையாத தேங்காய் எண்ணெய். கடையில் ‘ஃப்ராக்ஷனேட்டட்’ என்று கேளுங்கள். நிறமும் மணமும் இல்லாதது, சீக்கிரம் சிக்கடிக்காது. பாதாம் எண்ணெயும் சரிதான், ஆனால் ஆறு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஜோஜோபா விலை அதிகமாக இருப்பதற்குப் பலன் உண்டு. பேருக்குத்தான் எண்ணெய், வேதியியல்படி அது திரவ மெழுகு. அதனால் சிக்கு வாடை பிடிக்க வெகு காலம் ஆகும்.

நாங்க வீகன். தேன்மெழுகு இல்லாம முடியுமா?

முடியும். கேண்டலில்லா மெழுகு செடியிலிருந்து வருவது, தேன்மெழுகைவிடக் கடினம். 9 கிராமுக்குப் பதில் 5 கிராம் போட்டு, எண்ணெயை 22 கிராமாக ஆக்குங்கள். ஒரு குறை உண்டு. அது உருக 68 முதல் 73 டிகிரி வரை வேண்டும், உறைவதும் சீக்கிரம். வாசனையைக் கொஞ்சம் அதிகச் சூட்டிலேயே ஊற்ற வேண்டியிருப்பதால் ஆரஞ்சு வகை வாசனைகள் நிற்பது கடினம். இன்னொரு தாவர மெழுகான கார்னௌபாவைத் தனியாகப் போட்டால் நொறுங்கும். சோயா மெழுகு நம் வெயிலுக்குத் தாங்காது.

மே மாசத்துல உருகி வழியுது. மெழுகு கூட்டினா கல்லு மாதிரி ஆயிடுது. என்னதான் பண்றது?

டப்பாவில் ஊற்றுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். வாசனை சேர்க்கும் முன், உருகிய கலவையில் அரை ஸ்பூன் எடுத்து, ஃப்ரீசரில் வைத்த எவர்சில்வர் ஸ்பூனில் விட்டு, அறைச்சூட்டுக்கு வந்ததும் விரலால் தேயுங்கள். ஐந்தாறு தேய்ப்பில் விரலில் மெல்லிய படலம் வர வேண்டும். அழுத்தியதும் குழிந்தால் தளர்வு. நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது என்றால் இறுக்கம். 30 கிராம் கலவையில் தளர்வுக்கு 1 கிராம் மெழுகும் இறுக்கத்துக்கு 2 கிராம் எண்ணெயும் சேர்த்து மறுபடி பாருங்கள். வாசனை 3 கிராம் சேர்ந்ததும் இன்னும் கொஞ்சம் இளகும், ஆகவே ஸ்பூனில் சற்று இறுக்கமாகவே இருக்கட்டும்.

9:18 என்ற அளவு சென்னை, மதுரைக் கோடையில் வீட்டுக்குள் நிற்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த அளவும் நிற்காது. அங்கே வைக்காதீர்கள்.

எந்தெந்த வாசனையை எவ்வளவு கலக்கணும்? எல்லாத்தையும் சமமாப் போடலாமா?

சமமாகப் போட்டால் பலமானது மற்றதைத் தின்றுவிடும். வாசனைகள் ஆவியாகும் வேகத்தில் மூன்று வகை. ஆரஞ்சு, எலுமிச்சை, எலுமிச்சைப்புல் முதலில் வந்து முதலில் போய்விடும். மல்லி, ஜெரேனியம் (ரோஜா சாயலில் மணக்கும் செடி), பாமரோசா (ரோஜா மணமுள்ள புல்), மரிக்கொழுந்து நடுவில் நிற்கும். வெட்டிவேர், சந்தனம், பச்சோலி (மண் வாசனையுள்ள ஒரு இலை), சாம்பிராணி கடைசி வரை இருக்கும். மெழுகு சென்ட்டின் வாசனையில் ஏறக்குறைய பாதியாவது மூன்றாவது வகை இருக்கட்டும்.

தொடங்குபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது வெட்டிவேர்க் கலவை: வெட்டிவேர் 1.2 கிராம், சந்தனம் 0.6, ஜெரேனியம் 0.5, கமலா ஆரஞ்சு 0.5, மரிக்கொழுந்து 0.2. மொத்தம் 3 கிராம். கடலூர்க் கரையோர மணலில் விளையும் வெட்டிவேரும், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளையும் ஜெரேனியமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தது போலச் சேரும். மரிக்கொழுந்தை 0.2-க்கு மேல் ஏற்றாதீர்கள், பழம் அழுகிய வாடை தட்டும்.

மல்லிக் கலவை வேண்டுமானால்: சந்தனம் 0.6, மல்லி அப்சல்யூட் (பூவிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுத்த செறிந்த வாசனைச் சாறு) 0.6, ஆரஞ்சு 0.6, வெட்டிவேர் 0.5, பாமரோசா 0.4, பச்சோலி 0.3. மல்லி அப்சல்யூட் குப்பியில் முகர்ந்தால் கனமாக, கொஞ்சம் மிருக வாடையோடு இருக்கும். அதிலுள்ள இண்டோல் என்ற பொருள்தான் காரணம். மெழுகில் நீர்த்ததும் பூவின் வாசனை திரும்பி வரும். கலவை லேசான மஞ்சள் நிறம் பெறுவதும் இயல்பே.

எல்லாமே இயற்கைதானே, கிராம்பு, பட்டை, எலுமிச்சை எல்லாம் இஷ்டத்துக்குப் போடலாமா?

இல்லை. இயற்கை எண்ணெய்களில் தோலைச் சுடுபவை நிறைய. 30 கிராம் சென்ட்டில் போடக்கூடிய உச்ச அளவு: கிராம்பு எண்ணெய் 0.15 கிராம், எலுமிச்சைப்புல் 0.2 கிராம். பட்டை எண்ணெயை முழுதும் தவிர்த்துவிடுங்கள். அந்த நெடி தேவையென்றால் ஒரு துளி கிராம்பும் சாம்பிராணியும் போதும்.

பழத்தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) எண்ணெய்கள் நம் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கரும்படையும் வரலாம். பெர்கமாட் 0.12 கிராமுக்கு மேல் வேண்டாம். நாட்டு எலுமிச்சை 0.2 கிராமுக்குள் இருக்கட்டும். காய்ச்சி வடித்த எலுமிச்சை எண்ணெயிலும், மேலே சொன்ன கமலா ஆரஞ்சிலும் இந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே கழுத்தில் போடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரமும் யூகலிப்டஸும் சேர்த்த சென்ட் வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

வீட்டுல பூக்கிற மல்லியை எண்ணெயில போட்டுக் காய்ச்சி அதுல செய்யலாமா?

காய்ச்சினால் வாசனை போய்விடும், வதங்கிய கீரை வாடைதான் மிஞ்சும். ஈரத்தோடு ஊறவைத்தால் பூசணம் பிடிக்கும். மல்லிக்குச் சரியான வழி சூடே இல்லாத வழி. மல்லி மொக்கு பறித்த பிறகும் மலர்ந்துகொண்டே, மணத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மணத்தைக் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளும். பிரான்ஸின் கிராஸ் நகரில் வாசனைத் தொழில் வளர்ந்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. வட இந்தியாவில் எள்ளையும் பூவையும் மாறி மாறிப் பரப்பி, மணமேறிய எள்ளை ஆட்டி வாசனைத் தைலம் எடுப்பதும் இதே அடிப்படைதான்.

வீட்டில் செய்ய, மணம் நீக்கிய சுத்திகரித்த தேங்காய் எண்ணெயைத் தட்டையான கண்ணாடித் தட்டில் அரை சென்டிமீட்டர் ஊற்றி ஃப்ரிட்ஜில் உறையவையுங்கள். சாயங்காலம் மலரத் தயாரான, ஈரமில்லாத மொக்குகளைக் காம்பு கிள்ளி அதன்மேல் கவிழ்த்து, இன்னொரு தட்டால் மூடி, ஏசி அறையில் 24 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மறுநாள் பூவை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுப் பூ. இப்படி 15 தடவைக்குக் குறையாமல் மாற்றினால்தான் மணம் ஏறும். பழுப்பான ஒரு இதழைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

கிடைக்கும் கொழுப்பை 2-வது கேள்வியில் சொன்ன ஜோஜோபாவுக்குப் பதிலாகப் போடலாம். அது தேங்காய் எண்ணெய் என்பதால் மெழுகு 10 கிராமாகட்டும். மணம் மென்மையாகத்தான் இருக்கும், கொஞ்சம் அப்சல்யூட் சேர்த்தால் எடுபடும். ரோஜா பறித்ததும் மணத்தைப் பெருமளவு நிறுத்திவிடுவதால் இந்த முறை அதற்கு அவ்வளவாகச் சரிவராது.

ரோஸ் வாட்டர், வெனிலா எசன்ஸ், சந்தனப் பொடி… இதுல எது சேரும்?

எதுவும் சேராது. ரோஸ் வாட்டர் தண்ணீர். மெழுகில் துளித்துளியாகப் பிரிந்து நின்று பூசணத்துக்கு இடம் கொடுக்கும். வெனிலா எசன்ஸில் இருப்பது ஸ்பிரிட்டும் தண்ணீரும், அதற்கும் அதே கதிதான். சந்தனப் பொடி கரையாமல் அடியில் மண் போலப் படியும். சாம்பிராணியின் பிசின் கூழும் எண்ணெயில் எளிதில் கரையாது. அதை மற்ற வாசனை எண்ணெய்களோடு வெதுவெதுப்பான நீரில் நிறுத்திக் கலக்கி, தெளிந்த மேல்பகுதியை மட்டும் எடுங்கள்.

நடுவுல குழி விழுது, சில சமயம் குருணையா வருது, மேல எண்ணெய் வியர்க்குது. ஏன்?

குழி விழுவது ஓரம் முதலில் உறைந்து நடுப்பகுதி பிறகு சுருங்குவதால். டப்பாவை முன்பே வெதுவெதுப்பாக்குங்கள், முக்கால் பங்கு ஊற்றி, மேலே ஏடு கட்டியதும் மீதியை ஊற்றுங்கள். வெடிப்பு வந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தியிருப்பீர்கள். அறைச்சூட்டிலேயே ஆறட்டும்.

குருணையாக வருவது, கோகம் வெண்ணெய், ஷியா வெண்ணெய் போன்ற விதைக் கொழுப்புகளைச் சேர்த்தவர்களுக்கு வரும் தொல்லை. அந்தக் கொழுப்புகள் மெதுவாக ஆறும்போது படிகமாகக் கட்டும். இவற்றுக்கு மட்டும் மேலே சொன்னதற்கு நேர்மாறு: மறுபடி முழுதும் உருக்கி ஃப்ரிட்ஜில் சீக்கிரம் ஆறவையுங்கள். எண்ணெய் வியர்ப்பது எண்ணெய் அதிகமானதாலோ, டப்பா வெயிலும் குளிருமாக மாறி மாறி இருந்ததாலோதான். அளவு சரியாக இருந்தால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

அரை மணி நேரத்துல வாசனையே தெரியல. இன்னும் நிறைய ஊத்தட்டுமா?

முதலில் வேறொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் மூக்கு தொடர்ந்து வரும் வாசனைக்குச் சீக்கிரம் பழகிவிடும். அவருக்கும் தெரியவில்லை என்றால் கலவையில் ஆரஞ்சு வகை அதிகம், கடைசி வரை நிற்கும் வகை குறைவு என்று அர்த்தம். அளவைக் கூட்டாமல் விகிதத்தை மாற்றுங்கள். வறண்ட தோலில் எந்த சென்ட்டும் நிற்காது. குளித்த பின் ஒரு துளி எண்ணெய் தடவி அதன்மேல் போட்டால் மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். பிறகு மறுபடி தொட்டுக்கொள்ளத்தானே டப்பா கைப்பையில் இருக்கிறது.

‘100% நேச்சுரல் மல்லி ஆயில்’ 10 மில்லி 150 ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்கலாமா?

அது மல்லி இல்லை. ஒரு கிலோ மல்லி அப்சல்யூட் எடுக்க ஏறத்தாழ 700 முதல் 1,000 கிலோ பூ வேண்டும். பூ விலையைத் தெரிந்தவர்கள் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். லேபிளில் தாவரவியல் பெயரும், எடுத்த முறையும், பேட்ச் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’ என்றிருந்தால் செயற்கை. ஆரஞ்சு, எலுமிச்சைப்புல் போன்றவற்றை வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு மறுநாள் பாருங்கள். பிசுபிசுத்த எண்ணெய் வட்டம் நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறார்கள். வெட்டிவேர், சந்தனம், மல்லிக்கு இந்தச் சோதனை பொருந்தாது, சுத்தமானவையும் கறை விடும். பணம் அளவாக இருந்தால் வெட்டிவேர், பாமரோசா, ஆரஞ்சு மூன்றிலேயே அருமையான சென்ட் செய்யலாம்.

புனுகு, கஸ்தூரி சேர்த்தா நல்லா நிக்குமாமே?

நிற்கும். ஆனால் புனுகுப் பூனையும் கஸ்தூரி மானும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. புனுகுக்காகக் கூண்டில் அடைக்கப்படும் விலங்கின் வேதனையை நினைத்தால் சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். கஸ்தூரி வெண்டை விதையின் எண்ணெய் அதே சாயலில் மென்மையாக மணக்கும். 30 கிராமுக்கு 0.05 கிராம் போதும்.

எவ்வளவு நாள் கெடாம இருக்கும்? வைட்டமின் ஈ போட்டாதான் நல்லதா?

ஜோஜோபாவில் செய்தது ஒரு வருடம் நன்றாக இருக்கும். பாதாம் எண்ணெயில் செய்ததற்கு 0.15 கிராம் வைட்டமின் ஈ சேர்க்கலாம். அது சிக்கடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. தண்ணீர் இல்லாததால் கிருமித் தடுப்பானே தேவையில்லை. ஈர விரலை மட்டும் விடாதீர்கள். அலுமினியமோ கண்ணாடியோ நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவை வாசனை எண்ணெய்கள் அரிக்கும்.

பட்டுப் புடவையில தடவலாமா?

வேண்டாம். எண்ணெய்க் கறை விழும். தோலில் தடவி ஐந்து நிமிடம் கழித்து உடுத்துங்கள்.

நல்லா வந்திருக்கு. ஃப்ரெண்ட்ஸுக்கு விக்கலாமா?

பரிசாகக் கொடுங்கள், கூடவே என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது அவசியம். விற்பது வேறு. மெழுகு சென்ட் சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும். தனி இடம், பேட்ச் பதிவேடு, லேபிளில் உற்பத்தி விவரம் எல்லாம் கேட்பார்கள். உரிமம் உள்ள உற்பத்தியாளரிடம் உங்கள் அளவைக் கொடுத்துச் செய்து வாங்குவதும் ஒரு வழி. எதுவானாலும் முதல் டப்பாவிலிருந்தே எடைகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.